வட்டி வேண்டாம், கணக்கு வேண்டும்

ஸ்ரீவைகுண்டம் பெருமாளுக்குக் கள்ளபிரான் என்று ஒரு பெயர். நவதிருப்பதி போய் வந்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். காலதூஷகன் என்று ஒரு திருடன். பலே பக்திமான். அடித்த கொள்ளையில் பாதியைப் பெருமாள் கோயிலுக்குக் கொடுத்துவிடுவான். ஒருநாள் அரண்மனையிலேயே கைவைக்க, கூட்டாளிகள் மாட்டிக்கொண்டார்கள். காலதூஷகன் பெருமாளிடம் போய் விழுந்தான். பெருமாளே திருடன் வேஷத்தில் ராஜா முன்னால் போய் நின்று அவனைக் காப்பாற்றினார் என்பது தலபுராணம்.

புராணத்தில் இதை ரசிக்கலாம். ஃபைனான்ஸ் கம்பெனியில் ரசிக்க முடியாது. 'இவ்வளவு தர்மம் செய்கிறவர் தப்பு செய்வாரா?' என்ற ஒரே கேள்வியை நம்பி இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் காணாமல் போயிருக்கிறது. இதில் மத வித்தியாசம் கிடையாது. எல்லா மதத்திலும் ஏமாந்தவர்கள் உண்டு, ஏமாற்றியவர்களும் உண்டு. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அதில் ஒரு தனி ரகம். மார்க்கத்துக்குப் பயந்து 'வட்டி வேண்டாம்' என்று சொல்லும் இஸ்லாமியரின் சேமிப்பு. அது தொலைந்துபோவதற்கு ஏமாற்றுக்காரர் மட்டும் காரணம் இல்லை. அவரைத் தேடிப் போகவேண்டிய அவசியத்தை உண்டாக்கியவர்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தாமிரபரணியோடு கிழக்கே இறங்கினால் ஏரல், ஆத்தூர், பிறகு புன்னைக்காயலில் கடல். அதற்குச் சற்றுத் தெற்கே காயல்பட்டினம். மார்க்கோ போலோ வந்துபோன காலத்திலேயே வியாபாரம் தெரிந்த கரை இது. முத்து, சங்கு, ரத்தினக்கல் என்று ஆரம்பித்து கொழும்பு, ஹாங்காங், வளைகுடா வரை போய்ச் சம்பாதித்தவர்கள் இந்தப் பக்கத்து முஸ்லிம்கள். சம்பாதிக்கத் தெரியாதவர்கள் இல்லை. சம்பாதித்ததை வைக்கத்தான் இடம் இல்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். துபாயில் பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட் போடமாட்டார், வட்டி. சேவிங்ஸ் அக்கவுண்டில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தானாக வந்து விழுந்துவிடும். பலபேர் அந்தத் தொகையை மட்டும் தனியாகக் கணக்குப் பார்த்து எடுத்து, நன்மை எதையும் எதிர்பார்க்காமல், ஏழைகளுக்கோ பொதுக் கழிப்பறை கட்டுவதற்கோ கொடுத்துவிடுகிறார்கள். நீங்களும் நானும் அரை சதவிகிதம் கூடுதல் வட்டிக்காக பேங்க் மாற்றிக்கொண்டிருக்கும்போது, வந்த வட்டியைக் கையால் தொடக் கூசுகிற ஒரு மனிதர் அதே கியூவில் நமக்குப் பின்னால் நிற்கிறார்.

மிச்சம் இருப்பது என்ன? நிலம் வாங்கலாம், பட்டா வில்லங்கம். நகை வாங்கலாம், திருட்டு பயம். மச்சான் கடையில் பங்கு போடலாம், பத்திரம் கிடையாது, கேட்டால் மனஸ்தாபம். கடைசியாக வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா, நம்ம பணத்தை நம்ம முறையில ஹலாலா வளர்க்கலாம்" என்பார். கையில் பளபளப்பான புரோஷர். அதில் இரண்டு ஆலிம்களின் போட்டோ.

அந்த ஆசாமிக்குப் பிறகு வருவோம். முதலில், வட்டி வேண்டாம் என்றால் லாபமும் வேண்டாம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. இஸ்லாம் வியாபாரத்தைத் தடுக்கவில்லை. பணத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு, எதிராளிக்கு லாபமோ நஷ்டமோ, எனக்கு இவ்வளவு கூடுதலாக வந்தே தீரவேண்டும் என்று சொல்வதைத்தான் 'ரிபா' என்று தடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அரபி தெரியவேண்டியதில்லை. தூத்துக்குடி முத்துக்குளிப்பு தெரிந்தால் போதும். பிரிட்டிஷ் காலத்தில் கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சிப்பிக்குள் முத்து இருக்கிறதா இல்லையா என்று இரண்டு தரப்புக்கும் தெரியாது. முத்து இருந்தால் இருவருக்கும். இல்லாவிட்டால் இருவருக்கும் வெறும் சிப்பி. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் பிடித்த மீனைப் 'பங்கு' வைக்கும் வழக்கம் இந்தக் கரையில் இன்னமும் இருக்கிறது.

இந்தப் பங்கு வியாபாரத்துக்கு இஸ்லாமிய நிதித்துறையில் 'முளாரபா' என்று பெயர். ஒருவர் பணம், இன்னொருவர் உழைப்பு. லாபம் வந்தால் முன்பே பேசிய விகிதத்தில் பங்கு. நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போச்சு, உழைத்தவருக்கு உழைப்பு போச்சு. பி.காம். படித்தவர்களுக்கு இது பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் வரும் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' மாதிரிதான். ஒரே ஒரு விஷயம். பார்ட்னர் தூங்கலாம். கணக்கு தூங்கக்கூடாது. லாபத்தில் பங்கு என்று சொல்லிவிட்டால் லாபம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். வட்டிக்கு விட்டவன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம், தேதிக்கு வட்டி வந்தால் போதும். பங்குக்கு விட்டவன் பார்த்தே ஆகவேண்டும். அதாவது வட்டியில்லா நிதி என்பது சாதாரண வங்கியைவிட அதிகக் கணக்கு, அதிகத் தணிக்கை தேவைப்படும் தொழில். இதை மறந்ததுதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம்.

சரி, சர்க்கார் என்ன செய்தது? ரிப்போர்ட் போட்டது. ஒன்றல்ல, வரிசையாக.

2006-இல் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் குழு ஒன்று, இப்போதிருக்கும் சட்டப்படி இது முடியாது என்றது. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறை சீர்திருத்தக் குழு, வட்டியில்லா வசதி இல்லாததால் ஒரு பகுதி மக்கள் வங்கிகளுக்கு வெளியே நிற்கிறார்கள், வழி செய்யுங்கள் என்றது. 2015-இல் தீபக் மொஹந்தி குழு, சாதாரண வங்கிகளிலேயே வட்டியில்லா சேவைக்குத் தனி ஜன்னல் திறக்கலாம் என்றது. 2016-இல் ரிசர்வ் வங்கியின் இன்னொரு உள்குழு, எளிமையான சில திட்டங்களோடு மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், 2017 நவம்பரில் ஒரு தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதில் வந்தது. இந்த யோசனையை மேற்கொண்டு தொடரப்போவதில்லை. காரணம்? வங்கிச் சேவையைப் பெற எல்லாக் குடிமக்களுக்கும் விரிவான, சமமான வாய்ப்புகள் இருக்கின்றனவாம்.

இந்தக் காரணத்தை ஒரு கல்யாண வீட்டில் வைத்துப் பாருங்கள். பந்தியில் எல்லோருக்கும் சமமாக மட்டன் பிரியாணி. பாகுபாடே இல்லை. சைவக்காரர் ஒருவர் இலையைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். 'உங்களுக்கும் சம வாய்ப்பு கொடுத்தோமே' என்கிறார் பந்தி விசாரிப்பவர். வாய்ப்பு சமம்தான். வயிறு நிறையவில்லையே!

ரிசர்வ் வங்கியை வெறுமனே திட்டுவதும் நியாயம் இல்லை. அவர்களுக்கு நிஜமான சங்கடம் இருக்கிறது. 1949-ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி டெபாசிட் என்பது திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம். 'நஷ்டம் வந்தால் உங்கள் டெபாசிட்டிலும் குறையும்' என்று ஒரு வங்கி சொல்லமுடியாது. எட்டாவது பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்கக்கூடாது என்கிறது. ஒன்பதாவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கு இல்லாத நிலம், வீட்டை ஏழு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்கிறது. இஸ்லாமிய வங்கியோ பொருளை வாங்கி விற்றுத்தான் பிழைக்கவேண்டும். ஆகவே சட்டத்தைத் திருத்தாமல் இது நடக்காது. இதை அப்படியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், திருத்தலாமா வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் பேசியிருக்கலாம். 'எல்லோருக்கும் சம வாய்ப்பு' என்று சொல்லிக் கதவைச் சாத்தியது பதில் அல்ல, பதிலைத் தவிர்ப்பது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் கடைசி அணை. அங்கே வடகாலிலும் தென்காலிலும் திருப்பிவிட்ட தண்ணீர் வயலுக்குப் போகும். திருப்பாதது கடலுக்குப் போகும். பணமும் அப்படித்தான், கால்வாய் வெட்டவில்லை என்பதற்காக நின்றுகொண்டிருக்காது.

அது எங்கே போனது என்பதற்குப் பெங்களூரு சாட்சி. ஐ மானிட்டரி அட்வைஸரி, சுருக்கமாக ஐ.எம்.ஏ. 2006-இல் ஆரம்பித்த நிறுவனம். நகைக்கடை, மருத்துவமனை என்று கண்ணுக்குத் தெரியும் வியாபாரங்கள். அரசுப் பள்ளி ஒன்றைப் புதுப்பித்துக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கியது. காலதூஷகனின் பாதிப் பங்கு ஞாபகம் வருகிறதா? பணம் போட்டவர்களை டெபாசிட்தாரர்கள் என்று சொல்லவில்லை, 'பங்குதாரர்கள்' என்றது. மாதாமாதம் லாபம் வந்தது. 2019 ஜூனில் நின்றது. நிறுவனர் நாட்டைவிட்டுப் போய்விட, ஜூலையில் டெல்லியில் கைதானார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சம்பந்தப்பட்ட தொகை 4,000 கோடி ரூபாய் அளவில் என்றார்கள். புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் நகையை விற்றுப் போட்ட பெண்கள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள், ஓய்வுபெற்ற பணத்தை மொத்தமாகப் போட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

அந்தப் 'பங்குதாரர்' என்ற வார்த்தையைத்தான் கவனிக்கவேண்டும். மார்க்கத்துக்கும் அது இனித்தது, சட்டத்துக்கும் அது சௌகரியம். டெபாசிட் இல்லை, அதனால் ரிசர்வ் வங்கியின் நேரடிப் பார்வையில் இல்லை. வட்டி இல்லை, அதனால் பாவம் இல்லை. ஆனால் ஒரு பங்குதாரர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. லாபம் எதிலிருந்து வந்தது? வியாபாரம் என்றால் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். இந்தக் கரையில் எந்தப் படகுக்காவது தினமும் ஒரே எடை மீன் கிடைத்ததுண்டா? மாதாமாதம் தவறாமல் 'லாபம்' வந்தால் ஒன்று அது வேறு பெயரில் வட்டி, அல்லது அடுத்தவர் போட்ட முதல்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1990-களில் தமிழ்நாட்டில் ரமேஷ் கார்ஸும் அனுபவ் தேக்கும் என்ன பாடு படுத்தின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்து அடியில்தான் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே வந்தது. 2022-இல் ஆருத்ரா. ஆனால் அங்கே இழுத்தது பேராசை. வட்டியில்லாத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் பலரை இழுத்தது இறையச்சம். ஆசையால் ஏமாந்தவனுக்கு 'உனக்கு வேணும்' என்று ஊர் சொல்லும். அச்சத்தால் ஏமாந்தவருக்கு என்ன சொல்வது?

இந்த இடத்தில் சமுதாயப் பெரியவர்களையும் கேட்கவேண்டியிருக்கிறது. மார்க்க சேவைகள் நவீனமாகிவிட்டன. தொழுகை நேரம் செல்போனில். ஜகாத் கணக்குப் போட ஆப். ஹஜ் விண்ணப்பம் ஆன்லைனில், 2024-இல் ஹாஜிகளுக்கு 'ஹஜ் சுவிதா' என்று தனி ஆப்பே வந்துவிட்டது. உண்டியலுக்குப் பக்கத்தில் கியூ.ஆர். கோடு. எல்லாம் நல்லதுதான். வட்டியில்லா ஸ்கீம்களும் இதே மாதிரி நவீனமாயின. வெப்சைட், ஏ.சி. ஆபீஸ், ஷரீஅத் ஆலோசனைக் குழு, அரபிப் பெயர். அட்டை நவீனமானது. உள்ளே இருக்கும் பேரேடு ஆகவில்லை. ஆலிம் ஒருவர் கையெழுத்திடும் சான்றிதழ், 'இந்த வகை வியாபாரம் கூடும்' என்றுதான் சொல்லும். 'இந்த வியாபாரம் நடக்கிறது' என்று சொல்லாது. பணம் எங்கே போகலாம் என்பது மார்க்கத் தீர்ப்பு. பணம் எங்கே போனது என்பது ஆடிட்டர் வேலை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைத்ததுதான் நடந்த மோசடி. கையெழுத்துப் போடும் பெரியவர்கள், அதற்கு முன்னால் தணிக்கை செய்த பாலன்ஸ் ஷீட்டைக் கேட்டால் என்ன? கடன் பத்திரத்தை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லும் வேதம்தானே அவர்களுடையது?

கணக்கு ஒழுங்காக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மலேசியாவில் 'தாபுங் ஹாஜி' என்று ஒரு நிறுவனம். ஹஜ்ஜுக்காக மாட்டையும் நிலத்தையும் விற்கும் கிராமத்து ஜனங்களைப் பார்த்துவிட்டு, உங்கு அஜீஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1959-இல் கொடுத்த யோசனை. 1963-இல் ஆரம்பித்தது. சிறுகச் சிறுகச் சேமி, வட்டியில்லாத முதலீட்டில் வளரட்டும், உன் முறை வரும்போது ஹஜ்ஜுக்குப் போ. பிரமாதமாக வளர்ந்தது. ஆனால் அங்கேயும் கோளாறு வந்தது. சொத்தைவிடக் கடன்பாடு அதிகமாகிவிட்டது, அந்த நிலையிலும் போனஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று 2018-இல் கணக்கை ஆராய்ந்தபோது தெரிந்தது. அரசாங்கம் தலையிட்டு, மோசமான சொத்துக்களைத் தனி நிறுவனத்துக்கு மாற்றி, சேமித்தவர்களைக் காப்பாற்றியது. பக்தி அங்கேயும் இருந்தது, தப்பும் நடந்தது. ஆனால் ஆடிட் இருந்தது, பொறுப்பேற்க ஒரு சர்க்காரும் இருந்தது. பெங்களூருவில் இந்த இரண்டும் இல்லை.

மலேசியா ரொம்ப தூரம் என்றால், தூத்துக்குடிக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கையில் 2005-இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011-இல் அமானா வங்கி, மத்திய வங்கியின் உரிமத்தோடு தொடங்கியது. இன்று கொழும்பு பங்குச் சந்தையில் அதன் பங்கு வியாபாரமாகிறது. தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் கடைக்காரர் கொழும்பில் சட்டப்படி செய்யக்கூடியதை, காயல்பட்டினத்தில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர் செய்யமுடியாது. பிரிட்டன் என்ன இஸ்லாமிய நாடா? வங்கி முதலில் வீட்டை வாங்கிப் பிறகு வாடிக்கையாளருக்கு விற்றால் இரண்டு தடவை முத்திரைத் தீர்வை விழுகிறதே என்று 2003-இல் அந்த இரட்டை வரியை நீக்கினார்கள். அடுத்த வருஷமே அங்கே ஓர் இஸ்லாமிய வங்கி வந்தது.

ஒரு நியாயமான சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். வங்கி ஒரு லட்ச ரூபாய்க்கு பைக் வாங்கி, உங்களுக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்குத் தவணையில் விற்கிறது. 'முராபஹா' என்று பெயர். இது வட்டிக்குத் தொப்பி போட்ட மாதிரி இல்லையா? முஸ்லிம் அறிஞர்களே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். உலகத்து இஸ்லாமிய வங்கிகள் லாப நஷ்டப் பங்கைவிட இந்த மாதிரி விற்பனையில்தான் அதிகம் வண்டி ஓட்டுகின்றன. நியாயமான விமர்சனம். ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. பொருள் இல்லாமல் கடன் இல்லை. சொன்ன விலைக்கு மேல் ஏறாது. தவணை தவறினால் விதிக்கும் அபராதத்தை வங்கி லாபமாக வைத்துக்கொள்ளாமல் தர்மத்துக்குக் கொடுக்கவேண்டும். வட்டி குட்டி போட்டு, அந்தக் குட்டி பேரன் போட்ட கதைகளைப் பார்த்த நமக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை. இதை இந்துக்களும் கிறிஸ்தவர்களும்கூட உபயோகிக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

இந்தியாவிலும் பாதிக் கதவு திறந்துதான் இருக்கிறது. மும்பை பங்குச் சந்தை 2010 டிசம்பரில் ஷரீஅத் குறியீட்டெண் ஒன்றை ஆரம்பித்தது. வட்டித் தொழில், மது போன்றவற்றைத் தவிர்த்து, செபியின் கண்காணிப்பில் நடக்கும் மியூச்சுவல் ஃபண்டுகள் இருக்கின்றன. ஆனால் 2014-இல் ஸ்டேட் பாங்க் குழுமத்தின் ஃபண்ட் நிறுவனமே ஒரு ஷரீஅத் ஃபண்டை அறிவித்துவிட்டு, தொடங்கும் நேரத்தில் தள்ளிவைத்தது. பெயரில்தான் பயம். பெயர் வேண்டாம் என்றால் 'வட்டியில்லாத் திட்டம்' என்று வையுங்கள். மார்க்கத்துக்குப் பெயர் முக்கியமில்லை, முறைதான்.

ஒரு சமூகம் தன் பணத்தை எப்படி நிறுவனமாக மாற்றலாம் என்பதற்கு ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் மலேசியா வரை போகவேண்டாம். தூத்துக்குடிக்கு பஸ் ஏறினால் போதும். 1921-இல் அங்கே நாடார் வங்கி ஆரம்பித்தார்கள். ஒரு ஜாதியின் வங்கி என்றுதான் பிறந்தது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது, 2022-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அது வட்டி வங்கிதான், அது வேறு விஷயம். நம்பிக்கை சொந்தக்காரர்களிடம் ஆரம்பித்தது, ஆனால் கணக்கு சட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்பதுதான் அதில் உள்ள பாடம். 'நம்ம ஆளு' என்பது முதல் நாள் கடை திறக்க உதவும். நூறு வருஷம் கடையை நடத்த பேலன்ஸ் ஷீட் வேண்டும்.

சட்டம் திருந்துகிறவரைக்கும் என்ன செய்வது? அந்தப் பளபள புரோஷர்காரர் மறுபடி வருவார். அவரை உட்காரவைத்து டீ கொடுங்கள். கொடுத்துவிட்டு நான்கே நான்கு கேள்வி கேளுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, யார் கண்காணிக்கிறார்கள்? தணிக்கை செய்த கணக்கு எங்கே, கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் யார்? போன வருஷம் எந்த மாதம் லாபம் குறைந்தது? எனக்குப் பணம் வேண்டுமென்றால் எத்தனை நாளில், எந்த விதிப்படி திரும்பக் கிடைக்கும்?

மூன்றாவது கேள்விக்கு 'எந்த மாதமும் குறையவில்லை' என்று பதில் வந்தால், டீ டம்ளரை வாங்கி வைத்துவிட்டு வாசல்வரை போய் வழியனுப்புங்கள். அவர் எத்தனை பள்ளிவாசலுக்கு வெள்ளை அடித்துக் கொடுத்திருந்தாலும் சரி.